இன்ஜின் ஆயில் எங்கிருந்து கசிகிறது? எஸ்யூவி வைத்திருப்பவர்கள் தாங்களே கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் ஒரு வழிகாட்டி

வண்டியை எடுத்த பிறகு தரையில் கருப்பாக ஒரு கறை தெரிகிறது. உடனே பலரும் கறைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்து, அதுதான் கசிகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நல்ல பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கிப் போட்ட பிறகும் கறை விழுந்துகொண்டே இருப்பதற்குப் பெரும்பாலும் இந்த அவசர முடிவுதான் காரணம்.

ஆயில் மேலே ஒரு மூலையில் கசிந்து, இன்ஜினின் பக்கவாட்டில் வழிந்து, கம்பி, குழாய், போல்ட் தலை என்று பிடித்துக்கொண்டே கீழே வரும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கம் தள்ளும். எஸ்யூவிகளில் இன்ஜினுக்கு அடியில் அகலமான பாதுகாப்புத் தட்டு ஒன்று இருக்கும். வழிந்த ஆயில் அதில் தேங்கி, வண்டி சாய்ந்து நிற்கும் பக்கத்து ஓட்டை வழியாகச் சொட்டும். ஆக, சொட்டும் இடத்துக்கும் கசியும் இடத்துக்கும் நடுவே அரை மீட்டர் தூரம்கூட இருக்கலாம். இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: கசியும் இடத்தைக் கண்ணால் பார்க்கும்வரை ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

வண்டியை ஓட்டலாமா, கூடாதா?

முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் விட்டு, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி முழுதாகச் செருகி எடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் நிதானமாக வேலையைத் தொடங்கலாம். கீழ்க் கோட்டுக்கும் கீழே போயிருந்தால், வண்டியின் கையேட்டில் சொன்ன அதே ரக ஆயிலை ஊற்றாமல் இன்ஜினை ஓடவிடாதீர்கள். பல கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் வித்தியாசம். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்துக்கொண்டே போங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். உள்ளே சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை நுரையாக அடித்துவிடும், அதிகப்படி ஆயில் சீல்கள் (தண்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையங்கள்) வழியாக வெளியே வரவும் பார்க்கும்.

ஓடும்போது டேஷ்போர்டில் ஆயில் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால், ஓரம் கட்டி அந்த நிமிடமே இன்ஜினை அணையுங்கள். வீடுவரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அழுத்தம் இல்லாமல் சில நிமிடங்கள் ஓடினாலே பேரிங்குகள் தேய்ந்து இன்ஜின் இறுகி நின்றுவிடும். பானட்டுக்கு அடியிலிருந்து புகையோ, ஆயில் தீயும் வாடையோ வந்தாலும் நிறுத்திவிடுங்கள். கசியும் ஆயில், புகை வெளியேறும் சூடான குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுகிறது என்று அர்த்தம், அது தீப்பிடிக்கக் கூடியது. இந்த இரண்டும் இல்லை, தரையில் சில சொட்டுகள்தான் என்றால் பதற வேண்டாம்.

அது இன்ஜின் ஆயில்தானா?

இரவு வண்டிக்கு அடியில் அகலமான வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். முன் சக்கரங்கள் எங்கே இருக்கின்றன என்று அட்டையில் குறித்துக்கொண்டால், காலையில் சொட்டின் இடத்தை இன்ஜினோடு பொருத்திப் பார்க்க வசதி. இன்ஜின் ஆயில் புதிதாக இருந்தால் தேன் நிறம், ஓடி ஓடிப் பழையதானால் பழுப்பு, கருப்பு. விரலில் தொட்டால் வழவழப்பாக இருக்கும். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறத்தில் தண்ணீர்போல ஓடினால் கூலண்ட். சிவப்பாக எண்ணெய்ப் பசையோடு இருந்தால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டியரிங் திரவம். வெறும் தெளிந்த நீர் என்றால் ஏசியிலிருந்து வடிவது, அதில் கவலைக்கு ஒன்றுமில்லை.

நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் எஸ்யூவி என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முன் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் முன் டிஃபரன்ஷியல், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டிலும் தனி ஆயில் இருக்கிறது. முதலாவது இன்ஜினுக்குப் பக்கத்திலும், இரண்டாவது கியர்பாக்ஸை ஒட்டியும் இருக்கும். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

கழுவுவதுதான் பாதி வேலை

பல வருடத் தூசியும் ஆயிலும் சேர்ந்து அப்பிய இன்ஜினில் கசிவைத் தேடுவது வீண். எல்லா இடமும் ஈரமாகத்தான் தெரியும். அலுப்பான வேலை என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம், ஆனால் மொத்த வேலையிலும் பலன் அதிகம் தருவது இதுதான்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர், காற்று உறிஞ்சும் வாய், ஃபியூஸ் பெட்டி, திறந்த கனெக்டர்கள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். டிக்ரீசரைத் தெளித்து, புட்டியில் சொன்ன நேரம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, மெதுவான நீரில் கழுவுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சும் பம்ப் வேண்டாம், கனெக்டர்களுக்குள் தண்ணீர் ஏறிவிடும். எட்டாத மூலைகளுக்கு பிரேக் கிளீனரும் துணியும் போதும். அடித்தட்டைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். தேடல் முடியும்வரை அதை மாட்டவும் வேண்டாம்.

அடியில் போவதற்கு முன் ஒரு விஷயம். எஸ்யூவி உயரமாக இருப்பதால் சில வண்டிகளில் ஜாக்கி வைக்காமலே எட்டிப் பார்த்துவிடலாம். ஆனால் தூக்க வேண்டியிருந்தால் கெட்டியான சமதரையில், பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கையேட்டில் காட்டிய இடத்தில் தூக்கி, இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். செங்கல்லும் சிமென்ட் கல்லும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்டாண்ட் வைத்த பிறகு வண்டியைக் கையால் ஒருமுறை அழுத்தி ஆட்டிப் பாருங்கள், அசையாமல் நின்றால் மட்டும் உள்ளே போங்கள்.

தேடும் முறை

கழுவி உலர்ந்ததும் இன்ஜினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, டார்ச்சோடு பாருங்கள். தேட வேண்டியது அதிக ஈரமான இடத்தை அல்ல. ஈரமானவற்றில் எது எல்லாவற்றுக்கும் மேலேயும் முன்னேயும் இருக்கிறதோ, அந்த இடத்தை. அதற்கு மேலே உலர்ந்திருந்தால் கசிவு அங்கேதான். கை நுழையாத இடத்துக்கு நீளக் காம்புள்ள சிறிய கண்ணாடியோ, கைப்பேசியின் கேமராவோ உதவும்.

எதுவும் தெரியவில்லையா? ஒரு நாள் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். அப்படியும் பிடிபடவில்லை என்றால் யூவி சாயம் இருக்கிறது. இன்ஜின் ஆயிலுக்கென்றே விற்கும் சாயத்தை, புட்டியில் சொன்ன அளவு ஆயிலோடு ஊற்றி, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, இருட்டில் யூவி விளக்கை அடித்தால் கசிவின் பாதை முழுக்க மஞ்சள் பச்சையாகப் பளிச்சென்று தெரியும். மெல்லக் கசியும் இன்ஜினுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் எண்ணம். சாயத்தோடு வரும் மஞ்சள் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும்.

கசிவு எப்போது வருகிறது என்பதும் ஒரு துப்பு. ஆயில் ஃபில்டர், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஆயில் கூலர், டர்போவுக்குப் போகும் குழாய் எல்லாம் பம்பின் அழுத்தத்தில் இருப்பவை. இவற்றில் கோளாறு என்றால் இன்ஜின் ஓடும்போது வேகமாக வழியும், அணைத்ததும் குறையும். இன்ஜினின் மேல்பக்கத்தை மூடும் டேப்பெட் கவரும், அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பும் அழுத்தம் இல்லாதவை. அங்கே ஆயில் மெதுவாகத்தான் ஊறும், வண்டியை நிறுத்திய பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு சோதனையை மறக்காமல் செய்யுங்கள். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்ற ஒரு காற்றோட்டப் பாதையும் அதில் பிசிவி வால்வும் இருக்கின்றன. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயிலை வெளியே தள்ளும். பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயின் மேல் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் சரி. புகையோடு வெளியே ஊதித் தள்ளினால் காற்றோட்டம் அடைத்திருக்கிறது, அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. மூடி திறக்கவே வராத அளவுக்குப் பலமாக இழுத்து விசில் சத்தமும் வந்தால் வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்திருக்கலாம். டீசல் இன்ஜினில் கொஞ்சம் ஊதுவது இயல்பு. இந்தக் குறையைச் சரிசெய்யாமல், இணைப்புகளை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றினால் புதியதும் சீக்கிரமே கசியத் தொடங்கும்.

எளிய இடங்கள் முதலில்

சமீபத்தில் ஆயில் மாற்றிய பிறகு கசிவு தொடங்கியதா? அப்படியானால் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கையும் ஃபில்டரையும் தவிர வேறெங்கும் முதலில் போகாதீர்கள்.

டிரெயின் பிளக்கின் வாஷர் செம்பிலோ அலுமினியத்திலோ இருந்தால், அது நசுங்கித்தான் அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிது போடுங்கள். கசிகிறதே என்று பிளக்கை மேலும் மேலும் முறுக்கினால் அலுமினிய சம்ப்பின் மரை வழுக்கிவிடும், அப்புறம் மரைக்குள் புதுச்சுருள் வைக்கும் வேலை அல்லது சம்ப்பையே மாற்றும் வேலை.

ஃபில்டரைக் கழற்றினால் முதலில் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்ததா என்று பாருங்கள். பழைய வளையம் இன்ஜின் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதிய ஃபில்டரைப் போட்டால் அழுத்தம் ஏறியதும் ஆயில் பீறிட்டு வரும். புதிய வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று இறுக்குவது பொதுவான அளவு. உங்கள் ஃபில்டரின் உடலில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். காகித ஃபில்டரை டப்பாவுக்குள் வைக்கும் வகை என்றால் ஓ-ரிங் சரியான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆயில் பிரஷர் ஸ்விட்சைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஃபில்டருக்குப் பக்கத்தில், ஒற்றை வயரோடு சின்னதாக இருக்கும். கனெக்டரை உருவிப் பாருங்கள். உள்ளே ஆயில் இருந்தால் ஸ்விட்ச் போய்விட்டது, வேறு ஆராய்ச்சி தேவையில்லை. நீள சாக்கெட்டால் கழற்றிப் புதிதை மாட்டுவது அரை மணி வேலை. மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றிப் போடாதீர்கள். ஒற்றை வயர் ஸ்விட்சுக்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான்.

டேப்பெட் கவர் கேஸ்கெட்

வயதான இன்ஜின்களில் அதிகம் கசிவது இது. சூட்டில் ரப்பர் கல்லாக இறுகி, நெளியும் தன்மையை இழந்துவிடும். பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் குழிக்குள் ஆயில் தேங்கி இன்ஜின் உதறுவதும் இதே கவரில் உள்ள வளையங்கள் போனதால்தான். கொஞ்சம் பொறுமை உள்ள புதியவர் நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் இதைத் தானே செய்யலாம். குறுக்காக வைத்த வி6 இன்ஜின் என்றால் பின்பக்கக் கவரை எட்ட, காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டியிருக்கும். சில டீசல் இன்ஜின்களில் இன்ஜெக்டர்களும் உயர் அழுத்த டீசல் குழாய்களும் கவருக்கு மேலே போகும். அங்கே கை வைக்காமல் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே சரி. அந்தக் குழாய்களில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும்.

இன்ஜின் முழுக்க ஆறியதும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இக்னிஷன் காயில் கனெக்டர்களின் பூட்டு பழைய வண்டிகளில் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், பார்த்து அழுத்துங்கள். காயில்களையும் காற்றோட்டக் குழாய்களையும் எடுத்த பிறகு, கவரின் ஓரங்களைச் சுத்தமாகத் துடையுங்கள். கவரைத் தூக்கும்போது மண் உள்ளே விழக் கூடாது.

போல்ட்களை வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நீளம் வேறுபடலாம் என்பதால், ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைப்பது நல்லது. கவர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பினால் அலுமினியப் பரப்பில் விழும் கீறலே அடுத்த கசிவாகிவிடும்.

பழைய கேஸ்கெட்டையும் சிலிக்கான் மிச்சத்தையும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். துகள் உள்ளே விழாமல் இருக்கத் துணி அடைத்தால், எத்தனை துணி வைத்தீர்கள் என்று எண்ணி வைத்து அத்தனையையும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கவர் என்றால் சமமான பரப்பில் வைத்துப் பாருங்கள். சூட்டில் வளைந்திருந்தால் புதிய கேஸ்கெட்டால் பயனில்லை, கவரையே மாற்ற வேண்டும். பிளக் குழி வளையங்களையும் போல்ட்டின் ரப்பர் வாஷர்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், இன்னொரு முறை திறக்கும் வேலை மிச்சம்.

டைமிங் கவரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் மூலைகளில், கையேடு சொல்லும் இடத்தில் மட்டும், டியூபில் வரும் ஆர்டிவி சிலிக்கான் அடைப்புப் பசையைச் சிறிய பொட்டாக வையுங்கள். ரப்பர் கேஸ்கெட் முழுக்கப் பூசுவது பழக்கத்தில் இருக்கிறது, ஆனால் அது தவறு. வழுக்கி நகரும், அதிகப்படியானது உள்ளே பிதுங்கி உடைந்து சம்ப்பில் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும்.

கவரை நேராக வைத்து எல்லா போல்ட்களையும் கையால் திருகிய பிறகு, நடுவிலிருந்து வெளி ஓரத்துக்கு இரண்டு தடவையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இந்த போல்ட்களை இறுக்க வேண்டிய விசை (டார்க்) மிகக் குறைவு. பல இன்ஜின்களில் 8 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான். உங்கள் இன்ஜினின் அளவைப் பழுதுநீக்கும் கையேட்டில் பார்த்து, அந்த அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குங்கள். கைப்பலத்தை இங்கே காட்டினால் ரப்பர் பிதுங்கும், பிளாஸ்டிக் கவர் விரிசல் விடும். சிலிக்கான் உலர டியூபில் சொன்ன நேரம் காத்திருந்து, அப்புறம் இன்ஜினை ஓடவிடுங்கள். முழுதாக இறுக 24 மணி நேரம் கேட்கும் வகைகள் உண்டு.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

முன்பக்க கிராங்க் சீல் போனால் புல்லியைச் சுற்றி ஆயில் வட்டமாகத் தெறித்திருக்கும். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். சாதாரண ரப்பர் பெல்ட் ஆயிலில் ஊறினால் கெட்டு அறுந்துபோகும். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால் பின்பக்க கிராங்க் சீல் என்பார்கள். கியர்பாக்ஸை இறக்க வேண்டிய பெரிய வேலை அது. ஒப்புக்கொள்வதற்கு முன், டேப்பெட் கவரின் பின் மூலையையும், இன்ஜினின் பின்பக்கம் இருக்கும் ஓ-ரிங், சென்சார்களையும் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே கசிவது அதே இடத்துக்குத்தான் வழிந்து வரும். யூவி சாயத்தில் சீல்தான் என்று உறுதியானால் இறக்கலாம். கிளட்ச் உள்ள வண்டி என்றால் கிளட்ச் தட்டு, பேரிங் நிலையையும் அப்போதே பாருங்கள். வெறும் ஈரம்தான், சொட்டே விழவில்லை என்றால் ஆயில் அளவைக் கவனித்துக்கொண்டு காத்திருப்பதிலும் தவறில்லை.

கசிவை நிறுத்தும் என்று ஆயிலில் ஊற்றும் திரவங்கள் இறுகிய ரப்பரைக் கொஞ்சம் ஊறவைத்து மென்மையாக்குபவை. சீலிலிருந்து வரும் மெல்லிய ஊறலைச் சில காலம் குறைக்கலாம். கிழிந்த கேஸ்கெட்டுக்கும் தளர்ந்த பிளக்குக்கும் அவற்றால் ஒன்றும் ஆகாது.

வேலை முடிந்த பிறகு

ஆயில் அளவைச் சரிபார்த்து, இன்ஜினை ஓடவிட்டு, சிவப்பு விளக்கு சில நொடிகளில் அணைகிறதா என்று பாருங்கள். புதிதாக மாட்டிய இடத்தைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடி பாருங்கள். எக்ஸாஸ்டில் முன்பு விழுந்த ஆயில் எரிந்து தீரும்வரை ஓரிரு நாள் வாடை வரலாம். அதற்குப் பிறகும் வந்தால் கசிவு நிற்கவில்லை.

வடித்த ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள், மூடியுள்ள கேனில் ஊற்றிப் பழைய ஆயில் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். அது தோலில் அடிக்கடி படுவதும் நல்லதல்ல, வேலை முழுக்கக் கையுறை போடுங்கள். தரையில் சிந்தியதன் மேல் மரத்தூளைக் கொட்டி, உறிஞ்சியதும் அள்ளிவிடலாம்.

அடியில் மறுபடி வெள்ளை அட்டையை விரியுங்கள். அன்றைய கிலோமீட்டரையும் டிப்ஸ்டிக்கில் ஆயில் நிற்கும் இடத்தையும் குறித்து வைத்து, 500 கிலோமீட்டர் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். அட்டை சுத்தமாக இருந்தும் அளவு இறங்கியிருந்தால் ஆயில் வெளியே போகவில்லை, உள்ளேயே எரிகிறது. அப்போது தேட வேண்டியது பிஸ்டன் ரிங், வால்வு சீல், டர்போ பக்கம். இரண்டும் சரியாக இருந்தால் அடித்தட்டை மாட்டிவிடலாம்.